‘ஒப்ஃபர்’: தியாகமா, பாதிப்பா? ஒரு ஜெர்மன் சமயச் சொல்லின் லத்தீன் வேர்கள்

ஒரு சாலை விபத்துச் செய்தி, ஒரு பக்ரீத் வாழ்த்து, பெர்லின் போர் நினைவிடத்தில் பொறித்த ஒரு வரி, சதுரங்க ஆட்டம் பற்றிய ஒரு விமரிசனம், கப்பல் பராமரிப்புக் கையேட்டின் ஒரு பக்கம் ஆகிய ஐந்தையும் ஜெர்மன் மொழியில் எடுத்து வைத்தால், ஐந்திலும் ‘ஒப்ஃபர்’ என்ற ஒரே சொல் இருக்கும். ஜெர்மனியிலிருந்து வரும் செய்திகளைக் கணினி மொழிபெயர்ப்பின் துணையோடு படிக்கும் தமிழ் வாசகர்கள், இச்சொல் ஓரிடத்தில் ‘பலி’ என்றும், அடுத்த வரியில் ‘பாதிக்கப்பட்டவர்’ என்றும், இன்னோரிடத்தில் ‘தியாகம்’ என்றும் மாறி மாறி வருவதைக் கண்டு குழம்புவது இயல்பு. மொழிபெயர்ப்பின் பிழை இதில் ஒரு பகுதிதான். இரட்டைத்தன்மை அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. அது எப்படி உள்ளே வந்தது என்று தெரிந்துகொண்டால்தான், ஒரு கல்வெட்டு வரிக்காக ஜெர்மனியில் ஏன் அவ்வளவு கோபம் எழுந்தது என்பதும், பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள் தங்களை இச்சொல்லால் அழைக்க வேண்டாம் என்று ஏன் கேட்டார்கள் என்பதும் புரியும்.

சொல் இன்று எதையெல்லாம் குறிக்கிறது

‘ஒப்ஃபர்’ ஜெர்மன் இலக்கணத்தில் அஃறிணைப் பெயர். அதன் ஒருமையும் பன்மையும் ஒரே வடிவம். அது குறிப்பவற்றை நான்காகப் பிரிக்கலாம்.

1. தெய்வத்துக்கு ஒன்றைப் படைக்கும் சடங்கு, அதாவது பலியிடுதல்.
2. அப்படிப் படைக்கப்படும் பொருள் அல்லது உயிர். தேவாலயத்தில் இடும் காணிக்கையும் இதில் அடங்கும். தேவாலய வாசலில் இருக்கும் உண்டியலுக்கு ஜெர்மனில் ‘ஒப்ஃபர்ஷ்டொக்’ என்று பெயர்.
3. உயர்ந்ததாகக் கருதும் ஒன்றுக்காக ஒருவர் தாமே விரும்பி இழப்பது, அதாவது தியாகம்.
4. குற்றம், விபத்து, போர், நோய், பேரிடர் ஆகியவற்றால் தம் விருப்பமின்றித் துன்பமோ சாவோ அடைந்தவர்.

முதல் மூன்று பொருள்களிலும் கொடுப்பவர் ஒருவரும் பெறுபவர் ஒருவரும் இருக்கிறார்கள், கொடுப்பதற்கு ஒரு நோக்கமும் இருக்கிறது. நான்காவதில் இவை எவையும் இல்லை. துன்பப்பட்டவர் மட்டுமே இருக்கிறார். இவ்வளவு தொலைவில் இருக்கும் இரு நிலைகளை ஒரே சொல் சுமப்பதுதான் பின்னால் பார்க்கப்போகும் எல்லாச் சிக்கல்களுக்கும் ஊற்று.

லத்தீன் வேர்: வேலை என்ற சொல் வழிபாடு ஆனது

லத்தீனில் ‘ஒபுஸ்’ என்றால் வேலை. அதிலிருந்து பிறந்த வினை ‘ஒபெராரி’. வேலை செய்தல், ஒன்றில் ஈடுபட்டிருத்தல் என்பது அதன் அடிப்படைப் பொருள். ஆனால் கிறித்துவத்துக்கு முந்திய ரோமிலேயே, ஒரு தெய்வத்தின் பெயரை நான்காம் வேற்றுமையில் சேர்த்து இவ்வினையைச் சொன்னால், அத்தெய்வத்துக்குரிய சடங்கைச் செய்தல் என்று பொருள்பட்டது. கி.மு. முதல் நூற்றாண்டுக் கவிஞர் வெர்ஜில், தானியத் தெய்வமான கெரெஸுக்குப் புல்வெளியில் ஆண்டுச் சடங்கு செய்யும் உழவரைப் பற்றிப் பாடும் இடத்தில் இந்த வினையைத்தான் கையாள்கிறார்.

வேலையைக் குறிக்கும் சொல் சடங்கைக் குறிப்பது தமிழ் வாசகருக்குப் புதிதாக இராது. பொதுவாகச் ‘செய்யும் செயல்’ என்று பொருள்படும் ‘காரியம்’, ஒரு வீட்டில் இறப்பு நிகழ்ந்தபின் ‘பதினாறாம் நாள் காரியம்’ ஆகும்போது ஈமச்சடங்கைக் குறிக்கிறது. ‘திருப்பணி’ என்பதில் பணியும் வழிபாடும் ஒன்றாகின்றன. லத்தீன் ‘ஒபுஸ்’ என்பதற்கு வடமொழியில் ‘அபஸ்’ என்ற உறவுச்சொல் உண்டு. வேதப் பாடல்களில் அதுவும் வேலையையும் சமயச் செயலையும் குறித்தது.

கிறித்தவ லத்தீனில் இவ்வினைக்கு இன்னொரு சாயல் கூடியது. மூன்றாம் நூற்றாண்டில் வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகர ஆயராக இருந்த சிப்ரியான் போன்றவர்களின் எழுத்தில், ‘ஒபெராரி’ என்பது அறச்செயல் செய்தல், ஏழைகளுக்குக் கொடுத்தல் என்ற பொருளில் வருகிறது. வழிபாட்டுக் கூட்டத்துக்கு வரும் மக்கள் கொண்டுவந்து கொடுத்த அப்பமும் திராட்சை மதுவும் பிற பொருள்களும் பீடத்துக்கும் போயின, ஏழைகளுக்கும் போயின. ஆகவே ‘சடங்கு செய்தல்’, ‘காணிக்கை கொடுத்தல்’, ‘தானம் செய்தல்’ ஆகிய மூன்றும் ஒரே வினைக்குள் நெருங்கி வந்ததில் வியப்பில்லை.

இங்கே நம் ‘பலி’ என்ற சொல்லையும் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும். இன்று ‘பலி’ என்றாலே குருதிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தேவாரத்தில் சிவன் ‘பலி தேர்ந்து’ வருகிறான் என்றால், அவன் பிச்சை ஏற்று வருகிறான் என்பதே பொருள். காக்கைக்கு வைக்கும் சோறும் பலிதான். தெய்வத்துக்கும் இரவலருக்கும் கொடுப்பதை ஒரே சொல்லால் குறிக்கும் பழக்கம் இரண்டு மொழிகளிலும் தனித்தனியே தோன்றியிருக்கிறது.

‘ஒபெராரி’யா, ‘ஒஃபெர்ரே’யா? ஒரு மெய்யெழுத்தின் சாட்சி

ஆங்கிலத்தில் ‘ஆஃபர்’ என்ற சொல் இருப்பதால், ‘ஒப்ஃபர்’ அதன் உடன்பிறப்பு என்று பலரும் நினைக்கிறார்கள். ஆங்கிலச் சொல் லத்தீனின் இன்னொரு வினையான ‘ஒஃபெர்ரே’யிலிருந்து வந்தது, முன்னே கொண்டுவந்து வைத்தல் என்பது அதன் பொருள். பழைய ஆங்கிலத்தில் ‘ஒஃப்ரியன்’ என்றால் கடவுளுக்குப் படைத்தல். ஆடி மாதத்தில் நம் துணிக்கடைப் பலகைகளில் தொங்கும் ‘ஆஃபர்’ என்ற சொல்லின் மூதாதை தேவாலயப் பீடத்தில் நின்றது என்பது, இந்த ஆய்வில் போகிறபோக்கில் கிடைக்கும் ஒரு செய்தி.

ஜெர்மன் சொல்லோ ‘ஒபெராரி’யிலிருந்து வந்தது என்பதே சொற்பிறப்பியலாளர்களிடையே பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. அதற்கான தருக்கத்தைப் படிப்படியாகப் பார்க்கலாம்.

1. ஏறத்தாழ ஆறாம் நூற்றாண்டு தொடங்கி, இன்றைய ஜெர்மனியின் தென்பகுதி மொழிகளில் ‘ப்’, ‘ட்’, ‘க்’ போன்ற வல்லொலிகள் பெரிய அளவில் மாறின. இதை உயர்ஜெர்மன் மெய்ம்மாற்றம் என்பார்கள். ஆங்கிலமும் டச்சும் வடபகுதியின் சாக்ஸன் மொழியும் இந்த மாற்றத்துக்குள் வரவில்லை.

2. இம்மாற்றத்தில், சொல் முதலிலும், இரட்டித்து நின்ற இடங்களிலும், ‘ப்’ என்பது ‘ப்ஃப்’ ஆயிற்று. எடையைக் குறித்த லத்தீன் ‘பொண்டோ’ ஜெர்மனில் ‘ப்ஃபுன்ட்’ ஆனது. ஆங்கிலத்தின் ‘ஆப்பிள்’ ஜெர்மனில் ‘அப்ஃபெல்’. லத்தீன் ‘பிபெர்’, அதாவது மிளகு, ‘ப்ஃபெஃபர்’ ஆனது. (இந்த மிளகுச் சொல்லின் வேர் இந்தியாவுக்கே திரும்பி வருகிறது, வடமொழிப் ‘பிப்பலி’யும் நம் ‘திப்பிலி’யும் அதன் உறவினர்.)

3. ‘ப்’ ஒலியை அடுத்து ‘ர்’ அல்லது ‘ல்’ வந்தால் அந்தப் ‘ப்’ இரட்டிக்கும் வழக்கம் மேற்கு ஜெர்மானிய மொழிகளில் இருந்தது. செம்பைக் குறித்த ‘குப்ரும்’ என்ற லத்தீன் சொல் ‘குப்ஃபர்’ ஆனது இவ்வழியில்தான். ‘ஒபெராரி’யின் இடை உயிர் தேய்ந்து ‘ஒப்ர-’ என்று ஆனபோது அதற்கும் இதே நிலை ஏற்பட்டு, பழைய உயர்ஜெர்மனில், அதாவது தென்பகுதி ஜெர்மனின் பழைய வடிவத்தில், ‘ஒப்ஃபரோன்’ என்ற வினை கிடைத்தது.

4. ‘ஒஃபெர்ரே’யில் தொடக்கத்திலிருந்தே ‘ஃப்’ ஒலிதான் இருக்கிறது. ‘ஃப்’ ஒலியை ‘ப்ஃப்’ ஆக்கும் விதி எதுவும் இம்மெய்ம்மாற்றத்தில் இல்லை. ஆகவே ஜெர்மன் சொல்லுக்கு அது மூலமாக இருப்பது கடினம்.

5. மறுபக்கம், ஆங்கிலத்திலும் பழைய சாக்ஸனிலும் ‘ப்’ மாறவே இல்லை. அங்கே ‘ஒபெராரி’ நுழைந்திருந்தால் ‘ப்’ அப்படியே நின்றிருக்கும். அங்கே ‘ஃப்’ இருப்பதால், வடபகுதிக்கு வந்தது ‘ஒஃபெர்ரே’தான்.

இந்த ஒலி வேறுபாட்டுக்குப் பின்னால் சமய வரலாறும் இருக்கிறது. ஜெர்மானிய மக்களிடையே கிறித்துவம் ஒரே வழியில் பரவவில்லை. தெற்கே ஆல்ப்ஸ் அடிவாரத்திலும் ரைன், டான்யூப் கரைகளிலும் ரோமர் காலத்து ஆயர் நகரங்களின் வழியாக ஒரு சொற்குழு வந்தது. எட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த போனிஃபாஸ் முதலிய மறைப்பணியாளர்கள் தங்கள் ஊர்ச் சொற்களைக் கொண்டுவந்தார்கள். வடக்கின் ‘ஒஃப்ரோன்’ இந்த ஆங்கிலோ-சாக்ஸன் வழியில் வந்தது. பின்னாளில் தென்பகுதி மொழியே ஜெர்மன் எழுத்துமொழிக்கு அடித்தளம் ஆனதால் ‘ஒப்ஃபர்’ நிலைத்தது. டச்சிலும் சுவீடிஷ் மொழியிலும் இன்றும் ‘ஒஃபர்’ என்றே சொல்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். முதலில் கடன் வாங்கப்பட்டது வினைச்சொல். ‘ஒப்ஃபர்’ என்ற பெயர்ச்சொல் அவ்வினையிலிருந்து பிறகு உருவானது. செயல் முந்தியது, செயலுக்கு உள்ளான பொருள் பிந்தியது. இச்சொல் பின்னர் நடந்துபோன திசையும் அதுவே.

பழைய சொற்கள் என்ன ஆயின

படையல் கொடுக்காத மக்கள் இல்லை; ஜெர்மானியர்களுக்கும் இதற்குச் சொந்தச் சொற்கள் இருந்தன. நான்காம் நூற்றாண்டில் விவிலியத்தைக் கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் பெயர்த்த ஆயர் உல்ஃபிலா, பலியைக் குறிக்க ‘ஹுன்ஸ்ல்’ என்ற உள்ளூர்ச் சொல்லையே கையாண்டார். பழைய உயர்ஜெர்மனில் ‘ப்ளுவோட்ஸன்’ என்ற வினை பலியிடுதலைக் குறித்தது. ‘கெல்ட்’ என்ற சொல் ஈடு, கைம்மாறு என்பவற்றோடு தெய்வத்துக்குச் செலுத்துவதையும் குறித்தது. அது இன்று ஜெர்மனில் ‘பணம்’ என்று மட்டுமே பொருள்படுகிறது.

இவற்றில் மிகவும் வியப்பானது ‘ட்ஸெபர்’. பலியிடத் தகுந்த விலங்கு என்பது இதன் பொருள். இச்சொல் தனியே வழக்கொழிந்துவிட்டது, ஆனால் அதன் எதிர்மறை வடிவம் உயிரோடு இருக்கிறது. பலிக்கு ஆகாத உயிர்கள் என்ற பொருளில் உருவான ‘உன்கெட்ஸீஃபர்’, இன்று பூச்சி, புழு, எலி முதலிய தீங்குயிர்களைக் குறிக்கிறது. பீடத்துக்கு ஏற்றவை, ஏலாதவை என்று உயிர்களைப் பிரித்த ஒரு சமயப் பார்வை, பீடம் மறைந்து ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிறகும் வீட்டுப் பேச்சில் எஞ்சியிருக்கிறது.

பழைய தெய்வங்களோடு ஒட்டியிருந்த இச்சொற்களைப் புதிய சமயத்தைக் கற்பித்தவர்கள் பலியைக் குறிக்கக் கையாளத் தயங்கினார்கள். அந்த வெற்றிடத்தில்தான் லத்தீன் சொல் வந்து அமர்ந்தது.

பீடத்தைச் சுற்றி நடந்த சர்ச்சை

பதினாறாம் நூற்றாண்டில் இச்சொல் இறையியல் போராட்டத்தின் நடுவுக்கு வந்தது. கத்தோலிக்கத் திருப்பலி கடவுளுக்கு மனிதர் செலுத்தும் ஒரு பலியா என்பதே கேள்வி. புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிய மார்ட்டின் லூதர் 1520இல் இதை வன்மையாக மறுத்தார். கிறிஸ்துவின் சிலுவைப் பலி ஒருமுறைதான், நிறைவாக நடந்துவிட்டது. பீடத்தில் நடப்பது கடவுள் மனிதருக்குக் கொடுக்கும் கொடை, மனிதர் கடவுளுக்குக் கொடுப்பதன்று என்பது அவர் வாதம். இதற்கு மறுமொழியாக, கத்தோலிக்கத் திருச்சபையின் ட்ரெண்ட் பொதுச்சங்கம் 1562இல் தன் 22ஆம் அமர்வில் திருப்பலி மெய்யான பலியே என்று வரையறுத்தது. தமிழகக் கத்தோலிக்கர் இன்று சொல்லும் ‘திருப்பலி’ என்ற பெயருக்குள்ளும் இந்த நம்பிக்கையே ஒலிக்கிறது.

ஆனாலும் லூதர் இச்சொல்லை மொழியிலிருந்து அகற்றவில்லை, இன்னும் ஆழமாக ஊன்றினார். 1534இல் முழுமையாக வெளிவந்த அவருடைய ஜெர்மன் விவிலியத்தில், லேவியராகமத்தின் எபிரேயப் பலி வகைகள் அனைத்தும் ‘ஒப்ஃபர்’ என்பதன் கூட்டுச்சொற்களாக வருகின்றன: ‘ப்ரான்ட்ஒப்ஃபர்’, ‘ஷ்பைஸ்ஒப்ஃபர்’, ‘டாங்க்ஒப்ஃபர்’, ‘ஸ்யூண்ட்ஒப்ஃபர்’, ‘ஷுல்ட்ஒப்ஃபர்’. தமிழ் விவிலியத்தில் இவை சர்வாங்க தகனபலி, போஜனபலி, சமாதானபலி, பாவநிவாரண பலி, குற்றநிவாரண பலி என்று வருவதை ஒப்பிட்டால், இரு மொழிகளும் ஒரே உத்தியைக் கையாண்டிருப்பது தெரியும். வீடுதோறும் படிக்கப்பட்ட அந்நூலின் வழியாகச் சொல் மக்கள் பேச்சில் வேர் விட்டது.

கொடுப்பவரிலிருந்து துன்பப்படுபவருக்கு

பலிச் சடங்கிலிருந்து பாதிக்கப்பட்டவருக்கு வந்த பாதையை மூன்று கட்டங்களாகப் புரிந்துகொள்ளலாம். முதலில் சொல் சடங்கைக் குறித்தது. அடுத்து, சடங்கில் கொல்லப்படும் உயிரையும் குறித்தது. பின்பு அந்த உயிர் உவமையாயிற்று: பலியாட்டைப்போலத் தடுக்க முடியாத ஒன்றின் முன் வீழ்ந்தவர் எவரும் ‘ஒப்ஃபர்’ ஆனார். ‘ஒன்றுக்கு ஒப்ஃபராக விழுதல்’ என்ற ஜெர்மன் தொடரும், தமிழில் ‘நோய்க்குப் பலியானார்’, ‘தீக்கு இரையானார்’ என்று நான்காம் வேற்றுமையில் சொல்வதும் ஒரே உவமையிலிருந்து வந்தவை. தீயும் நோயும் தெய்வம் நின்ற இடத்தில் நிற்கின்றன.

பிற ஐரோப்பிய மொழிகளும் இதே பாதையில் வந்தன. ஆனால் சில மொழிகளில் இரண்டு சொற்கள் இருந்ததால் பொருள்கள் பிரிந்துகொண்டன. லத்தீனில் சடங்குக்குச் ‘சாக்ரிஃபிகியும்’, பலி விலங்குக்கு ‘விக்டிமா’ என்று தனித்தனிச் சொற்கள் இருந்தன. ஆங்கிலம் இரண்டையும் வாங்கிக்கொண்டு, ‘சாக்ரிஃபைஸ்’ என்பதைத் தியாகத்துக்கும் ‘விக்டிம்’ என்பதைப் பாதிக்கப்பட்டவருக்கும் ஒதுக்கியது. டச்சு தன் ‘ஒஃபர்’ என்பதன் முன் வெட்டுதலைக் குறிக்கும் சொல்லைச் சேர்த்து, ‘ஸ்லாஹ்ட்ஒஃபர்’ என்று பாதிக்கப்பட்டவருக்குத் தனிச் சொல் செய்துகொண்டது. ஜெர்மன் மொழியில் இப்பிரிவு நிகழவில்லை. தமிழிலும், ‘பலி’ என்பதைப் பொறுத்தவரை, முழுமையாக நிகழவில்லை. ‘கோயிலில் ஆடு பலி’, ‘விபத்தில் ஐவர் பலி’ என்ற இரண்டு தலைப்புகளும் ஒரே நாளிதழில் வரலாம். ஆனால் தமிழுக்குத் ‘தியாகம்’ என்ற வேறு சொல் இருக்கிறது, விருப்பத்தோடு தன்னைக் கொடுப்பதை அது தாங்கிக்கொள்கிறது. ஜெர்மனில் அதையும் ‘ஒப்ஃபர்’தான் சுமக்க வேண்டியிருக்கிறது.

ஒரு தாய், ஒரு சிற்பம், ஒரு கல்வெட்டு

இச்சொல்லின் முழு எடையையும் பெர்லினில் ஒரே கட்டடத்தில் காணலாம். உன்டர் டென் லிண்டன் சாலையில் இருக்கும் ‘நொயெ வாஹெ’, கட்டடக் கலைஞர் ஷிங்கெல் வடிவமைத்து 1818இல் முடிந்த காவல் மாளிகை. 1931இல் அது முதல் உலகப்போரில் இறந்த வீரர்களின் நினைவிடமாக மாற்றப்பட்டது. கிழக்கு ஜெர்மன் அரசு 1960 முதல் அதைப் பாசிசத்துக்கும் இராணுவவாதத்துக்கும் இரையானவர்களின் நினைவிடமாக வைத்திருந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்தபின், 1993 நவம்பரில், நாட்டின் மைய நினைவிடமாக அது மீண்டும் திறக்கப்பட்டது. உள்ளே ஒரே ஒரு சிற்பம்: இறந்த மகனை மடியில் ஏந்திய தாய். அதன் முன்னே தரையில், ‘போருக்கும் வன்கொடுமை ஆட்சிக்கும் உள்ளான ஒப்ஃபர்களுக்கு’ என்று பொருள்படும் ஒரு வரி.

சிற்பத்தின் மூல வடிவத்தைச் செய்தவர் கேத்தெ கொல்விட்ஸ். அவருடைய மகன் பீட்டர், 18 வயதில் தாமே முன்வந்து படையில் சேர விரும்பினார். வயது போதாததால் தந்தையின் ஒப்புதல் வேண்டியிருந்தது. தயங்கிய தந்தையை இணங்கச் செய்தவர் தாய் கேத்தெதான். 1914 அக்டோபரில் பீட்டர் பெல்ஜியத்தில் கொல்லப்பட்டார். எட்டு ஆண்டுகளுக்குப் பின் முழுமை பெற்ற ‘போர்’ என்ற மரச்செதுக்குத் தொடரின் முதல் படத்தில், ஒரு தாய் தன் கைக்குழந்தையை இரு கைகளாலும் முன்னே நீட்டிக் கொடுக்கிறாள். அப்படத்துக்குக் கொல்விட்ஸ் வைத்த பெயர் ‘ஒப்ஃபர்’. அங்கே அச்சொல் கொடுப்பதைக் குறிக்கிறது. கொடுத்துவிட்டவளின் துயரமும் அதில் இருக்கிறது. 1993இல் அதே கலைஞரின் சிற்பத்தின் முன் அதே சொல் மீண்டும் எழுதப்பட்டபோது, அது பறிக்கப்பட்டவர்களைக் குறித்தது. இரண்டுக்கும் இடையில் இன்னோர் உலகப்போரும், திட்டமிட்டு நடத்தப்பட்ட யூத இனப்படுகொலையும் கிடக்கின்றன.

எதிர்ப்பு எழுந்தது இங்கேதான். அந்த வரியில் ‘ஒப்ஃபர்’ என்ற சொல், வதைமுகாமில் கொல்லப்பட்ட யூதக் குழந்தையையும், போர்முனையில் இறந்த ஜெர்மன் வீரரையும், குண்டுவீச்சில் மாண்ட நகரத்தாரையும் வேறுபாடின்றி ஒரே பட்டியலில் சேர்த்துவிட்டது என்பது முதல் குற்றச்சாட்டு. கொன்றவர்களும் அந்தச் சொல்லுக்குள் ஒதுங்கிக்கொள்ளலாம் என்பது அதைவிடக் கடுமையான குற்றச்சாட்டு. வரலாற்றறிஞர் ரைன்ஹார்ட் கோஸெலெக் இதை முன்னின்று எதிர்த்தார். ஒரு காலத்தில் தாய்நாட்டுக்காகத் தம்மைக் கொடுத்தவர்கள் என்று போற்றப் பயன்பட்ட சொல், போருக்குப் பிறகு, யாராலோ துன்புறுத்தப்பட்டவர்கள் என்ற பொருளுக்குச் சத்தமின்றி நழுவிவிட்டது. செய்தவர் யார் என்ற கேள்வி அந்த நழுவலில் காணாமல் போகிறது என்பது அவர் வாதத்தின் சாரம். நாஜி அரசு ‘தியாகத்துக்கு ஆயத்தம்’ என்று பொருள்படும் ‘ஒப்ஃபர்பெரைட்ஷாஃப்ட்’ என்ற சொல்லைத் தன் பிரசாரத்தில் ஓயாமல் பயன்படுத்தியது என்பதை நினைத்தால், இந்த எச்சரிக்கை எவ்வளவு நியாயமானது என்று விளங்கும். எதிர்ப்புக்குப் பிறகு, கொல்லப்பட்ட மக்கட்குழுக்களைத் தனித்தனியே பெயர் சொல்லும் ஒரு பலகை வாசலருகே வைக்கப்பட்டது. ஒரு சொல்லால் சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு பலகை தேவைப்பட்டது.

இதே தயக்கம் இன்னொரு சொல்லிலும் உண்டு. யூத இனப்படுகொலைக்கு வழங்கும் ‘ஹோலோகாஸ்ட்’ என்ற பெயர் முழுவதும் எரிக்கப்பட்ட பலி என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. லூதரின் ‘ப்ரான்ட்ஒப்ஃபர்’ குறிப்பதும் அதையே. கொலை செய்யப்பட்ட மக்களைக் கடவுளுக்குப் படைக்கப்பட்ட பலி என்பதுபோலச் சொல்வது பொருந்தாது என்பதால், பேரழிவைக் குறிக்கும் ‘ஷோவா’ என்ற எபிரேயச் சொல்லையே பலர் விரும்புகிறார்கள்.

சட்டத்திலும் திருச்சபையிலும் மாற்றுச் சொற்கள்

வன்குற்றங்களால் பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்க 1976இல் வந்த ஜெர்மன் சட்டம் தன் பெயரிலேயே ‘ஒப்ஃபர்’ என்ற சொல்லை வைத்திருந்தது. 2024 ஜனவரி முதல் அதன் இடத்தில் வந்திருக்கும் சமூகச் சட்டத் தொகுப்பு, ‘தீங்குக்கு உள்ளானவர்’ என்ற பொருளுள்ள ‘கெஷேடிக்டெ’ என்ற சொல்லைப் பயன்படுத்துகிறது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் நெடுங்காலமாகவே ‘காயமுற்றவர்’ என்ற பொருளில் ‘ஃபெர்லெட்ஸ்டெ’ என்ற சொல்தான் வழங்குகிறது. சட்டத்துக்குப் பலிபீடம் தேவையில்லை. உரிமை மீறப்பட்டது என்பதே போதும்.

கத்தோலிக்கத் திருச்சபையில் குருக்கள் சிறார்மீது இழைத்த பாலியல் கொடுமைகள் 2010 முதல் ஜெர்மனியில் பெரிய அளவில் வெளிவந்தன. ஆயர் பேரவை ஏற்பாடு செய்து 2018 செப்டம்பரில் வெளியான ஆய்வு, 1946 முதல் 2014 வரையிலான ஆவணங்களில் 3,677 சிறார் பாதிக்கப்பட்டதையும் 1,670 குருக்கள்மீது குற்றச்சாட்டு இருப்பதையும் கண்டறிந்தது. அப்போது எழுந்த விவாதங்களில், கொடுமைக்கு உள்ளானவர்களில் பலர் தங்களை ‘ஒப்ஃபர்’ என்று சொல்ல வேண்டாம் என்றார்கள். ‘பாதிக்கப்பட்டவர்’ என்று பொருள்படும் ‘பெட்ரோஃபெனெ’ என்ற சொல் இன்று மறைமாவட்டங்களின் ஆலோசனைக் குழுக்களின் பெயரிலேயே இருக்கிறது. இதற்குக் காரணங்கள் மூன்று.

1. ‘ஒப்ஃபர்’ ஒருவரை அவருக்கு நேர்ந்ததோடு முடித்துவிடுகிறது. அதற்குப் பின் அவர் வாழ்ந்த வாழ்வுக்கும் நடத்திய போராட்டத்துக்கும் அதில் இடமில்லை.
2. இந்த நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து ஜெர்மன் இளைஞர் பேச்சில், கையாலாகாதவர் என்ற பொருளில் அச்சொல் வசையாகவே வழங்கத் தொடங்கிவிட்டது.
3. பலியைத் தன் வழிபாட்டின் நடுவில் வைத்திருக்கும் ஒரு திருச்சபை, தன் குருக்களால் சிதைக்கப்பட்ட குழந்தைகளையும் அதே சொல்லால் அழைப்பது, அந்தத் துன்பத்துக்கு ஏதோ புனித நோக்கம் இருந்ததுபோன்ற சாயலைத் தந்துவிடுகிறது.

மூன்றாவது காரணமே இவற்றில் எடை மிகுந்தது என்பது என் கருத்து. ஒரு சொல்லின் பழைய பொருள் செத்துவிட்டது என்று அகராதி சொல்லலாம். அது பிறந்த கூரையின்கீழ் அச்சொல் ஒலிக்கும்போது பழைய பொருளும் சேர்ந்தே கேட்கிறது.

தமிழாக்கும்போது

ஜெர்மன் செய்தியில் இச்சொல் வரும்போது, அதோடு ஒட்டி நிற்கும் உருபைப் பார்ப்பதே முதல் வழி. ‘ஃபூர்’, அதாவது ‘-க்காக’, வந்தால் பெரும்பாலும் தியாகம். ‘ஃபோன்’ என்ற முன்னிடையோ ஆறாம் வேற்றுமை உருபோ வந்து, துன்பத்துக்குக் காரணமானதைச் சொன்னால் பாதிப்பு. கூட்டுச்சொற்களில் இந்த உதவி கிடைக்காது. அவற்றைத் தனித்தனியே அறிந்துவைக்க வேண்டும்.

1. ‘டோடஸ்ஒப்ஃபர்’ என்றால் உயிரிழந்தவர். வெறும் ‘ஒப்ஃபர்’ என்றால் காயமடைந்தவர்களும் அடங்கலாம். ஆகவே விபத்துச் செய்தியில் ‘12 ஒப்ஃபர்’ என்று இருந்தால், உடனே ‘12 பேர் பலி’ என்று எழுதிவிடக் கூடாது.
2. ‘ஒப்ஃபர்ஃபெஸ்ட்’ என்பது பக்ரீத்துக்கு ஜெர்மனில் வழங்கும் பெயர். தமிழ் முஸ்லிம்களிடையே வழங்கும் ‘தியாகத் திருநாள்’ என்பதே இதற்கு நேரான சொல்.
3. ‘பௌயர்ன்ஒப்ஃபர்’ சதுரங்கத்தில் சிப்பாயை விட்டுக்கொடுப்பது. அரசியல் செய்தியில், மேலிடத்தைக் காப்பாற்றக் கீழ்நிலை அலுவலரைப் பதவி நீக்குவதைக் குறிக்கும். ‘பலிகடா’ சரியாகப் பொருந்தும்.
4. ‘ஒப்ஃபர்அனோடெ’ என்பது கப்பலின் இரும்புடலில் பொருத்தும் துத்தநாகத் துண்டு. கடல்நீரில் இரும்புக்கு முன்னால் தான் அரிக்கப்பட்டுக் கரைந்து, கப்பலைக் காக்கும்.

கடைசியாகச் சொன்ன துத்தநாகத்தைத் தமிழில் தியாக முனை என்றோ பலி முனை என்றோ எழுதலாம், எப்படி எழுதினாலும் யாருக்கும் வலிக்காது. மனிதர்களைக் குறிக்கும் இடத்தில் ‘கொல்லப்பட்டோர்’, ‘உயிரிழந்தோர்’, ‘பாதிக்கப்பட்டோர்’, ‘உயிர் கொடுத்தோர்’ என்று தமிழில் தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. ஜெர்மன் மூலம் ஒரே சொல்லில் மறைத்து வைத்திருப்பதை, அந்தச் செய்தியில் உண்மையில் நடந்தது எது என்று கேட்டு, இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டியவர் மொழிபெயர்ப்பவர்தான்.